கடைசிப் பக்கத்துப் பேர்கள்

டிசைன் படிப்புக்கு விண்ணப்பிக்கிற நாங்கள், செய்த சாமான்களின் படங்களைச் சேர்த்து போர்ட்ஃபோலியோ என்று சொல்கிற தடித்த ஃபைலை யாரிடம் கொடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார்கள். அந்த முதல் பக்கத்துக்காகவே நாங்கள் பத்து நாள் மெனக்கெட்டிருப்போம். எங்களுக்கு வழி சொல்லிக்கொடுத்த அக்கா மட்டும் வாங்கின கையோடு அதைக் குப்புறக் கவிழ்த்துப் பின்னட்டையைத் திறப்பாள். கடைசிப் பக்கம் காலியாக இருந்தால் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டாள். அங்கிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே முன்னால் வருவாள். ஏதாவது ஒரு படத்தின் மேல் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இது யாரு சொன்னது?"

இந்த யோசனை யாருக்கு வந்தது என்று அர்த்தம். நாற்காலி என்றால், முதுகை இவ்வளவு சாய்க்கச் சொன்னது யார். பை என்றால், கைப்பிடியை இந்த இடத்தில் தைக்கச் சொன்னது யார். 'நான்தான்' என்று சொன்னால் "சரி" என்பாள். அதற்குப் பிறகு அரை நிமிஷம் சும்மா இருப்பாள். அந்த அரை நிமிஷத்தில் பாதிப் பேருக்கு ஒரு அத்தையோ தையல்காரரோ ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஆந்திராவில், சித்தூர் ஜில்லா வெதுருகுப்பம் பக்கத்துக்காரி அவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ் என்று எங்கள் எல்லாரையும் போலத்தான் வளர்ந்தாள். வடக்கே ஒரு பெரிய ஊரில் எம்.டெஸ்., அதாவது டிசைனில் மேற்படிப்பு, இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரி சாமானை ஒரு நாளைக்கு அறுநூறு தடவை திருப்பிப் பார்க்கிற வேலை. அதிலிருந்து தப்பிக்க அந்தப் படிப்பில் எனக்கு ஒரு சீட்டு வேண்டும். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

அவளை முதலில் பார்த்தது திருப்பதியில், ஒரு கோச்சிங் சென்டரின் மூன்றாவது மாடியில். டிசம்பர் லீவில் ஊருக்கு வந்திருந்த டிசைன் மாணவர்கள் மூன்று பேரை மேடையில் உட்காரவைத்து, விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். முதலில் பேசியவன் கேம்பஸில் மயில் வரும் என்றான். ஜெர்மனிக்கு ஆறு மாதம் போய்வந்ததைப் படம் போட்டுக் காட்டினான். அடுத்துப் பேசிய பெண், உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள் என்று தெலுங்கில் மூன்று தடவை சொன்னாள். என் மனசு அப்போது பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக அக்கா எழுந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு சும்மாட்டை எடுத்தாள். தலையில் கூடை தூக்குகிறவர்கள் கூடைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் அதே சும்மாடுதான், கொஞ்சம் பருமனாக, அதோடு சேர்த்துத் தைத்த ஒரு பட்டை. பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையில் தரையோடு தரையாக உட்கார்ந்தாள். எழுந்தாள், நான்கு எட்டு வைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தாள்.

சித்தூர் மாங்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் நாள் முழுக்கத் தரையில் குந்தி, நகர்ந்து நகர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு முட்டி வலிக்காமல் உட்கார ஒரு சாமான் செய்ய வேண்டும் என்று கோடை விடுமுறை புராஜெக்டுக்குப் போயிருக்கிறாள். முதலில் சக்கரம் வைத்த குட்டி ஸ்டூல் செய்தாளாம். மண்டித் தரையில் வைக்கோலும் நசுங்கின பழமும் கிடக்கும். சக்கரம் ஒரு முழம்கூட ஓடவில்லை. அடுத்துச் செய்த ஸ்டூலை ஒரு அம்மா வாங்கிக் கூடைக்கு முட்டுக் கொடுத்துவிட்டாராம்.

"சாலம்மான்னு ஒருத்தங்க. தலைல வெச்சிக்கிற சும்மாட்டை எடுத்து அடியில போட்டு உக்காந்தாங்க. எழுந்தா அது அங்கயே கெடக்குதுன்னு ஒரு துணியால இடுப்போட கட்டிக்கினாங்க. நடந்தா கூடவே வருது, உக்காந்தா அடியில வந்துடுது. இது அவங்க சொன்னது. ஆனா அந்தத் துணி இடுப்பை அறுத்துது. அதை மூணு இஞ்ச் பட்டையா மாத்தினது நானு. இந்த மூணு இஞ்ச் மட்டும் என்னுது."

கடைசி வரிசையில் ஒருவன், அப்போ அந்த மூணு இஞ்சுக்கா டிகிரி தர்றாங்க என்று கேட்டான். ஹால் மொத்தமும் சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு நிஜமாகவே கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். ஒரு இஞ்ச் அறுக்கும், இரண்டு இஞ்ச் சுருண்டுகொள்ளும், நாலு இஞ்ச் குனிந்தால் விலாவில் குத்தும், மூன்று என்று தெரிய ஆறு வாரம் ஆனது என்றாள். கோச்சிங் சென்டர்காரர் வாட்ச்சைப் பார்த்தார். எனக்கும் எரிச்சல்தான். எங்கள் ஊர் நகரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தது சும்மாடு பார்க்கவா என்று இருந்தது. ஆனால் திரும்பிப் போகும்போது பஸ் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இதை இங்கே வைக்கச் சொன்னது யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அப்போதே மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் உட்காருவாள். விண்ணப்பம் போடுகிற ஏழெட்டுப் பேர் ஃபைலோடு போவோம். நீலப் பேனா ஒன்று வைத்திருப்பாள். நாம் ஒப்புக்கொண்ட பேரையெல்லாம் கடைசிப் பக்கத்தில் பொடிப்பொடியாக எழுதச் சொல்வாள். கீல் வளைத்தவர் இன்னார், வெல்டிங் கடை, புத்தூர். துணி வெட்டினவர் இன்னார், நாகலாபுரம். வேலை பார்க்கிற இடமும் ஊரும் கட்டாயம் இருக்க வேண்டும். இதற்காகவே நாங்கள் அவளுக்கு ரேஷன் கார்டு என்று பேர் வைத்திருந்தோம். அவளுக்கும் தெரியும். ஒரு நாள் ஃபைலைத் திறந்துகொண்டே, ரேஷன் கார்டு வந்துட்டேன், இன்னும் எத்தினி பேரை சேக்கணும் சொல்லுங்க என்றாள்.

அவளோடு வெளியே போவது ஒரு சோதனை. கீழே டிபன் ஹோட்டலில் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்ததும் சர்வரைக் கூப்பிட்டு, இது யார் அரைத்தது என்று கேட்பாள். மிக்ஸி அரைத்தது என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். அதில் கொத்துமல்லித் தண்டைப் போடச் சொன்னது யார் என்று அவள் விடவில்லை. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். அவர் பேரை அக்கா கேட்டு, சட்னி நன்றாக இருந்ததென்று பேர் சொல்லிச் சொன்னாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த தடவை எங்களுக்கு மட்டும் சட்னி கிண்ணம் நிறைய வந்தது.

இந்தக் குணத்தால் அவளுக்கு நஷ்டமும் உண்டு. மாணவர்களுக்கென்று ஒரு பெரிய போட்டி. சும்மாட்டை அனுப்பச் சொல்லி அவளுடைய புரொஃபஸரே வற்புறுத்தியிருக்கிறார். ஆன்லைன் படிவத்தில் வடிவமைத்தவர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் சாலம்மா பேரை எழுதி, கமா போட்டுத் தன் பேரை எழுதினாள். மாணவர் எண் இல்லாத பேரை அது ஏற்கவில்லை. அனுப்பாமலே விட்டுவிட்டாள். புரொஃபஸர் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லையாம். உங்கள் பேரை மட்டும் போட்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நான் கேட்டேன். அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு அது வெறும் வீம்பாகப் பட்டது.

என் ஃபைலை அவளிடம் கொடுத்தது மார்ச் மாதம். எழுத்துத் தேர்வு தேறிவிட்டேன். இன்டர்வியூவுக்கு ஐந்து வாரம் இருந்தது. என் முக்கியமான புராஜெக்ட் ஒரு படி. எங்கள் நைனா, அதாவது அப்பா, நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வயசான பெண்கள் ஏறுவதற்கு ஆட்டோவின் இடது பக்கம், தரைக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு படி. மோட்டார் பைக்கில் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற, மடங்குகிற ஃபுட்ரெஸ்ட்தான் அது. வேண்டும்போது காலால் தட்டினால் விரியும், மேட்டில் இடித்தால் தானே மடங்கிக்கொள்ளும். பழைய இரும்புக் கடையில் எடுத்து வெல்டிங் வைத்தது. கம்ப்யூட்டரில் அதை நாலு பக்கமும் அழகாக வரைந்து, எட்டுப் பக்கத்துக்கு நீட்டி, பிரச்சினையை நான் கவனித்தேன், நான் யோசித்தேன், நான் சோதித்தேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். நைனா அதில் ஒரே ஒரு இடத்தில் வருகிறார். 'பயன்படுத்துபவர்: ஆட்டோ ஓட்டுநர், ஆண், வயது 54.'

அக்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். யாரு சொன்னது என்றாள். நான்தான் என்றேன். சரி என்றாள். அந்த அரை நிமிஷத்தை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கடந்துவிட்டேன். ஃபைலை மூடிக் கொடுத்து, நல்லா கீது, ஞாயித்துக்கிழமை வந்து இதுல ஏறிப் பாக்கறேன் என்றாள்.

சொன்னபடி நகரிக்கு வந்து நின்றாள். ஆர்.டி.ஓ. செக்கிங் வந்தாற்போல நான் படியை மறுபடி ஒரு தடவை துடைத்தேன். நைனாவிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. படிப்புக்கு உதவி செய்கிற அக்கா, ஆட்டோவைப் பார்க்க வருகிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் படியில் கால் வைத்து இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முன்னால் நைனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால். வண்டி ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

"ண்ணா, இந்தப் படி யாரு சொன்னது?"

நைனா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது. ஒரு வினாடிதான் பார்த்தார்.

"எம் பொண்ணுதாம்மா. அவ வரைஞ்சி குடுத்தா. நானு கடையில குடுத்து மாட்டினேன், அவ்ளோதான்."

சரிங்கண்ணா என்றாள் அக்கா. பிறகு அவளுடைய அந்த மௌனம். நைனாவுக்குப் பேச்சில்லாமல் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. அவரே அந்த இடத்தை நிரப்பப் போய் மாட்டிக்கொண்டார். மூணு வருசமா கீதும்மா, ஒரு நாள் கழண்டதில்ல என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிசைன் என்று ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு பெரியம்மா ஏறும்போது சறுக்கி விழுந்து கை ஒடிந்த கதையைச் சொன்னார்.

"அத்தோட எனக்கு மனசே கேக்கல," என்றவர், சட்டென்று நிறுத்தி, "எம் பொண்ணுக்கு மனசே கேக்கலம்மா," என்று திருத்தினார்.

பின்சீட்டில் நான் செத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நாலு வயசில் என் நைனா எனக்காகப் பொய் சொல்கிறார். அதுவும் அவருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்று வரைக்கும் முழுசாகப் போகவில்லை.

புத்தூரில் வண்டியை நிறுத்தி நைனா டீ வாங்கப் போனார். அக்கா என் மடியிலிருந்த ஃபைலை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து, நீலப் பேனாவை மேலே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீ திருடலம்மா. உங்க நைனா உனுக்குக் குடுத்துட்டாரு, பாத்த இல்ல? அவரு குடுத்தாருன்னு எழுதிடு, போதும்."

நான் அழுதுகொண்டே எழுதினேன். முனிரத்தினம், ஷேர் ஆட்டோ, நகரி. டீயோடு வந்த நைனா என்ன எழுதுகிறாய் என்றார். அவர் அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் எழுத்து ஓடாது. உன் பேரு நைனா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் பேரை எதுக்குப் போடுற, அதனால உனக்கு சீட்டு இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ என்றார். அக்காவைப் பார்த்து, பேர் எழுதினா சீட்டு கெடைக்குமாம்மா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் கிடைக்கும் என்று சொல்லியிருப்பார்கள். அவள், கெடைக்கலாம், கெடைக்காமலும் பூடலாம், எனக்குத் தெரியாதுண்ணா என்றாள். அவளுடைய அந்த நேர்மையின் மேல் டீயை ஊற்றலாம் போல இருந்தது.

பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னாள், நைனா பேரு எழுதியாச்சு, இப்ப உன் பேருக்கு எதுனா வேலை செய். அப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டோவின் முன்சீட்டில் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு போனேன். அவள் மண்டியில் ஆறு வாரம் உட்கார்ந்ததற்கு இது ஒன்றுமே இல்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் பட்டது. படியின் நுனி ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பெண்கள் ஏறும்போது புடவை ஓரம் அதில் மாட்டுகிறது. ஒரு கையில் பை. இன்னொரு கையால் கம்பியைப் பிடித்திருப்பார்கள். புடவை மாட்டியதும் கம்பியை விட்டுவிட்டுப் புடவையை எடுப்பார்கள். விழுவது அந்த இடத்தில்தான். கைத்தடிக்கு அடியில் போடுகிற ரப்பர் மூடி ஒன்றை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நுனியில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. புடவை வழுக்கிக்கொண்டு வந்தது, கை கம்பியிலேயே இருந்தது. நைனா குனிந்து அதைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இது எனக்குத் தோணலையே பாப்பா என்றார். சீட்டே கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

இன்டர்வியூவில் நரைத்த தலையோடு ஒரு அம்மா இருந்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேர் செய்திருக்கிறார்கள், இதில் உன்னுடையது எது என்று இங்கிலீஷில் கேட்டார். ரப்பர் மூடி என்றேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, ஏன் மூடி என்று கேட்டார். சொன்னேன். வெயிட்டிங் லிஸ்ட்டில் போட்டார்கள். ஒன்றரை மாதம் நானும் நைனாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றோம். கடைசி ரவுண்டில் கிடைத்தது.

அக்காவிடம் சொல்ல போன் செய்தபோது அவள் படிப்பு முடிந்து ஊருக்கு வந்திருந்தாள். நாளைக்கு சித்தூர் வா, ஒரு வேலை இருக்கு என்றாள். ஜூன் மாதம், மண்டி நிறைய மாங்காய். டிராக்டர்களுக்கு நடுவே கையில் சுருட்டிய ஒரு போஸ்டரோடு நின்றுகொண்டிருந்தாள். வரிசை வரிசையாகக் காய் பிரிக்கும் பெண்களிடம் போய் சாலம்மாவைக் கேட்டாள். இந்த வருசம் வரலம்மா என்றார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டதாக ஒருத்தர், அது ஓசூர் பக்கமென்று ஒருத்தர், பெங்களூரு என்று இன்னொருத்தர். போன் நம்பர் யாரிடமும் இல்லை. அவர்களில் மூன்று பேர் இடுப்பில் சும்மாடு கட்டியிருந்தார்கள். பட்டை மூன்று இஞ்ச் இருந்தது. அதைக் காட்டி நான் சந்தோஷப்பட்டேன். அவள் பார்க்கவேயில்லை.

மண்டிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். போன வருஷமும் ஒரு போஸ்டர் கொண்டு வந்தாளாம், ஜூலைக் கடைசியில், சீசன் முடிகிற நேரத்தில். சும்மாட்டின் படம் பெரிதாக, மேலே அவள் பேரும் அவளுடைய போட்டோவும் மட்டும் போட்டது. காலேஜ் வாசலில் ஒட்டியிருந்தார்களாம். பெருமையோடு சாலம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சும்மாட்டின் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"இதுல நானு எங்க கண்ணு கீறேன்?"

அக்கா அடியில் இருந்த கடைசி வரியைக் காட்டி, இங்க என்றாள். அது பிரிண்டிங் பிரஸ்ஸின் பேர்.

"மாங்கா பாலு பட்டு கறுத்த விரலு. அதை அந்த வரி மேல வெச்சி ஓட்டிப் பாத்தாங்க. அப்பறம் நாலு பேரைக் கூப்ட்டு, பாருங்கடி எம்பேருன்னு காட்டினாங்க. அவங்களும் தொட்டுப் பாத்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். எனக்கு தேங்க்ஸ் சொன்னாங்கம்மா."

அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கையிலிருந்த புதுப் போஸ்டரைப் பிரித்துக் காட்டினாள். முதல் வரியில் சாலம்மா, மாங்காய் மண்டி, சித்தூர் என்று தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக இருந்தது. அவள் பேர் மூன்று இஞ்சுக்குப் பக்கத்தில் சின்னதாக இருந்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் எங்களை அவள் பிடுங்கி எடுத்ததெல்லாம், போட்டிப் படிவத்தை விட்டதெல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீம்பு என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போஸ்டரைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துப் போனாள். அடுத்த வருஷம் ஜூனிலும் அதை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்த் தேடிவிட்டு வந்தாள்.

இப்போது அவள் சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். நான் இரண்டாம் வருஷம். போன டிசம்பரில் திருப்பதியில் அதே மாதிரி ஒரு கூட்டம், அனுபவத்தைச் சொல்ல இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டார்கள். உங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன் என்று அக்காவுக்கு போன் செய்தேன்.

"சொல்லு, எம்பேரு மட்டும் வேணாம். அந்த எடத்துல சாலம்மா பேரைப் போடு. நான் ஒரு தடவ அவங்க எடத்துல எம்பேரைப் போட்டுக்கினேன் இல்ல?"

அதனால்தான் இங்கேயும் அவள் பேர் இல்லை.

நைனா என்னைத் திருப்பதி வரைக்கும் ஆட்டோவிலேயே கொண்டுவந்து விட்டார். உள்ளே வரமாட்டேன் என்றவரை இழுத்து வந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். மயிலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. படியையும் ரப்பர் மூடியையும் சொன்னேன். நான்தான் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது நைனா தலையைக் குனிந்துகொண்டார். புரொஜெக்டரில் சுவர்மேல் காட்டிய கடைசிப் படத்தில் வெறும் பேர்கள், இங்கிலீஷில்.

எல்லாரும் கலைந்த பிறகு புரொஜெக்டரை அணைக்கப் போனேன். இரும்மா என்று நைனா சுவருக்குப் பக்கத்தில் வந்தார். வெளிச்சத்துக்கு நடுவே நின்றதால் எழுத்தெல்லாம் அவர் சட்டைமேல் விழுந்தது. பேர் மறைகிறதென்று அவரே ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"இதுல நானு எங்கம்மா கீறேன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண்டிக் கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் விரலைப் பிடித்து இரண்டாவது வரியில் கொண்டுபோய் வைத்தேன். சரியான வரிதானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அவர் விரல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் மெதுவாகப் போனது.

மேலே இது யாரு என்று முதல் வரியைக் கேட்டார். சாலம்மா என்றேன். கதையைச் சொன்னேன். அந்தம்மா பேரு போட்டதை அவங்க பாத்தாங்களா என்றார். இல்லை நைனா, இன்னும் இல்லை என்றேன்.

அவர் விரலை மேல் வரிக்கு எடுத்துப் போனார். அதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஓட்டினார்.

"நானு பாத்தேன்னு சொல்லும்மா, அந்தப் பொண்ணாண்ட."

அங்கேயே நின்று போனில் அதை அக்காவுக்கு அப்படியே எழுதினேன். கீழே, சொன்னது முனிரத்தினம், ஷேர் ஆட்டோ, நகரி என்று போட்டு அனுப்பினேன்.